எலினோரின் வெள்ளைச் சட்டை

வர்ஷாவுக்குத்தான் சட்டை என்று கேள்விப்பட்டதும் யோகத்துக்கு வயிறு பற்றியெரிந்தது. எரியாதா பின்னே? பதினெட்டு வருசமாக ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து நடன அரங்கொன்றில் ஆடை தைப்பவள் அவள். அவளுடைய மகள் கிருசாந்தியும் சாந்தாவின் மகள் வர்ஷாவும் ஒரே நாளில்தான் எலினோர் வேட் என்பவளிடம் பாலே நடனம் பழகச் சேர்ந்தார்கள்.

எலினோர் லேசுப்பட்ட ஆளில்லை. இங்கிலாந்தில் பேக்கரிக்காரர் ஒருவரின் மகளாய்ப் பிறந்து, இருபது வயதிலேயே லண்டனை எழுந்து நின்று கைதட்ட வைத்தவள். முழங்கால் கைவிட்டதும் இங்கே வந்து பிள்ளைகளுக்குப் பழக்கினாள். போன குளிர்காலத்தில் கண்ணை மூடினாள். தன் வெள்ளைச் சட்டையை மாணவி ஒருத்தி உடுத்தி ஆடவேண்டும் என்பது அவளுடைய கடைசி விருப்பம். உடுத்துகிறவரின் பெயரைச் சட்டையின் உட்பக்க நாடாவில் எழுதுவது அரங்கத்து வழக்கம். எலினோரின் பெயருக்குக் கீழே இடம் காலியாகக் கிடந்தது. அதை உடுத்தி ஆட அரங்கத்து இயக்குநர் தெரிந்தெடுத்தது வர்ஷாவை.

"யோகம் அக்கா, பிள்ளையின்ர அளவுக்குக் கொஞ்சம் பிடிச்சு விடுங்கோ," என்றாள் சாந்தா, வாயெல்லாம் பல்லாக.

"ஓம், அதுக்கென்ன."

பிடித்தாள்தான். வர்ஷாவைவிட இரண்டு விரல் மெலிந்த கிருசாந்தியின் இடுப்புக்குப் பிடித்தாள். வர்ஷாவுக்குக் கொள்ளாவிட்டால் வேறு யாருக்குக் கொடுப்பார்களாம்?

ஒத்திகையில் கொக்கி மாட்டவில்லை. மூச்சை அடக்கிப் பார்த்த வர்ஷா அழுதுகொண்டு வெளியே ஓடினாள். பழைய துணி, பிரித்தால் கிழிந்துவிடும் என்று இயக்குநரிடம் கையை விரித்தாள் யோகம். அவர் கிருசாந்தியைக் கூப்பிட்டார்.

பதினாறு கொக்கிகளும் மாட்டின. ஒரு சுருக்கமில்லை. யோகத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்தச் சந்தோசத்தில் ஒன்றை மறந்துவிட்டாள், பாவி. அடுத்தவளுக்குத் தைத்த சட்டை இவளுக்கு அவ்வளவு கச்சிதமாக இருக்காது.

இயக்குநர் போனதும் கிருசாந்தி கண்ணாடிக்குள்ளால் தாயைப் பார்த்தாள். "அம்மா, இது ஆருக்குத் தைச்சது?"

யோகம் குனிந்து சட்டையின் விளிம்பை நீவினாள்.

கிருசாந்தி சட்டையைக் கழற்றித் தாயின் மடியில் வைத்தாள். "பிரியுங்கோ. கிழியாது எண்டு உங்களுக்குத் தெரியும். பிறகு வர்ஷாவின்ர பேரை எழுதுங்கோ. நீங்கள்தான் எழுதோணும்."

யோகம் பிரித்தாள். துணி ஓரிடத்திலும் கிழியவில்லை. பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது வர்ஷா உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ அன்ரி, ஏலாது எண்டனீங்கள். எனக்காக இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிரிச்சனீங்களே?" என்று யோகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கிருசாந்தி கீழே கிடந்த நூல்களைப் பொறுக்கினாள். தாயைப் பார்க்கவில்லை.