எல்லாவற்றுக்கும் ஆம்

"பேக்கேஜா, சோர்ஸா?" என்று காலையில் நெல்லையப்பன் மனைவி வடிவிடம் கேட்டிருந்தான். அவள் வேலை பார்க்கும் நூற்பாலையின் கம்ப்யூட்டரில் அன்று ஒரு புதிய டேட்டாபேஸ் நிறுவ வேண்டியிருந்தது.

"பேக்கேஜ்தான் அத்தான். சோர்ஸ்னா பஞ்சு வாங்கி, நூத்து, நெய்து, தைக்கிற மாதிரி. பேக்கேஜ்னா தச்ச சட்டை. எடுத்து மாட்டிக்கிட வேண்டியதுதான்."

"கூட என்னென்ன வருதுன்னு பாத்தியா?"

"ஒவ்வொண்ணுக்கும் அது கேக்கும். எல்லாத்துக்கும் ஆம்னு முன்னாடியே எழுதிட்டா கேக்காது."

"நீ கல்யாணத்துக்கே அப்படித்தான சொன்ன," என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அதன்பிறகு, ஓமன் நாட்டில் சலாலா என்ற ஊரில் வேலை உறுதியாகிவிட்டது, வருகிற மாதம் கிளம்ப வேண்டும் என்றான். அவன் முடிக்கும் முன்பே வடிவு "சரி" என்றாள். அவன் ஓசூருக்குப் போனபோதும் அதையேதான் சொன்னாள். புனேவுக்குப் போனபோதும் அதையேதான். ஓசூர்க் காலத்திலிருந்து அவனிடம் கேட்க வேண்டியது ஒன்று அவள் தொண்டையில் நின்றது. ஒவ்வொரு முறையும் காப்பி குடித்து அதை உள்ளே தள்ளிவிடுவாள்.

இப்போது அவள் நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தாள். கதவு பூட்டியிருந்தது. அதில் விசேஷம் ஒன்றுமில்லை. அந்த ஆலையின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் எதை நிறுவினாலும் கதவு பூட்டிக்கொள்ளும். சாவி, நிறுவும் வேலையிடம் இருக்கும். முடிந்ததும் வேலையே வந்து திறந்துவிடும். வேலையை யாரும் நேரில் பார்த்ததில்லை. சில சமயம் அது இருமுவது மட்டும் கேட்கும்.

வடிவு புதிய டேட்டாபேஸின் பெயரை அடித்தாள். பக்கத்தில் 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்பதற்கான எழுத்தையும் சேர்த்தாள். எண்டரைத் தட்டினாள்.

பின்சுவர் ஓரடி தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் படுக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார்.

"நீங்கதான் டேட்டாபேஸா?"

"இல்ல. டேட்டாபேஸ் வரணும்னா நான் வரணும்."

அவருக்குப் பின்னால் ஓர் அம்மாள் நின்றாள். "இவரு வரணும்னா நான் வரணும்," என்றாள். அவளுக்குப் பின்னால் இரட்டையர். ஒருவர் வரவேண்டும் என்றால் மற்றவர் வரவேண்டும் என்பதால் இருவரும் நிலைப்படியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அறை தேவைப்பட்டது. சுவர் மரியாதையாக விலகி விலகி இடம் விட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு நடைக்கூடம் இருந்தது. அதன் இடதுபக்கம் முழுவதும் கண்ணாடி. வலதுபக்கம் முழுவதும் அறைகள்.

கடைசியாக வந்தவர் உலகத்தின் எல்லா ஊர் நேரமும் தெரிந்தவர். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.

"சலாலாவில இன்னும் மத்தியானம் ஆகல," என்றார்.

"அதை நான் கேக்கலையே."

"நீங்கதான் எதையும் கேக்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கல்லா," என்று சொல்லிவிட்டு அவர் பாய் விரித்துப் படுத்தார்.

வடிவு நடைக்கூடத்தில் நடந்தாள். நடக்க நடக்க அது நீண்டது. பாதி வழியில் ஒரு கவுண்டர் இருந்தது. களஞ்சியம் என்று பலகை தொங்கியது. பேக்கேஜ்கள் எல்லாம் அங்கிருந்துதான் வரும். களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் சூசை அண்ணாச்சி உள்ளே உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, டேட்டாபேஸ் எப்ப வரும்?"

"வந்துக்கிட்டே இருக்கு. அதுக்கு முன்னாடி ஒருத்தரை நீக்கணும்."

"யாரை?"

"ஒங்க வீட்டுக்காரரை."

வடிவுக்கு முதலில் கோபம் வரவில்லை. ரயிலில் தன் இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது.

"எதுக்கு?"

"புது டேட்டாபேஸுக்குப் புது லைப்ரரி வேணும். லைப்ரரின்னா பல புரோகிராம் சேந்து நம்பி இருக்கிற பொதுச் சரக்கு. ஒங்க வீட்டுக்காரரு பழைய லைப்ரரியை நம்பி இருக்காரு. ரெண்டு லைப்ரரியும் ஒரே இடத்தில இருக்காது. பழசு போகும். பழசு போனா அவரும் போவாரு." அண்ணாச்சி ஒரு கடலையைத் தூக்கி வாயில் போட்டார். "சம்மதமான்னு கேக்கிறதுதான் வழக்கம். நீங்க கேக்க விடல."

"நிறுத்திருங்க."

"நடுவுல நிறுத்துனா பாதி ஆளும் பாதி டேட்டாபேஸுமா நிக்கும். சோறு போடுறதா, பேக்கப் எடுக்கிறதான்னு ஒங்களுக்கே தெரியாது."

"திரும்பக் கொண்டுவர முடியுமா?"

"களஞ்சியத்தில இருக்கிறதைக் கொண்டுவரலாம். ஒங்க வீட்டுக்காரரை யாரும் பேக்கேஜா போட்டு வைக்கலியே தாயி. ஒரே ஒரு பிரதி. அதுவும் ஒங்க வீட்டில." அவர் கொஞ்சம் இறங்கிவந்தார். "வருத்தப்படாதீங்க. நீக்கினா ஆளுதான் போவாரு. பழக்கம் அப்படியே இருக்கும். ஈரத்துண்டை நாற்காலியில போடுறது, குளிக்கும்போது பாடுறது, எல்லாம் வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கும். அதையும் எடுக்கணும்னா தனியாச் சொல்லணும்."

"வேண்டாம்," என்றாள் வடிவு. அவளுக்கே அவள் குரல் புதிதாக இருந்தது.

"எது வேண்டாம்?"

"பேக்கேஜ்."

"அப்ப சோர்ஸ். நேரா போங்க. நீக்கம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கும். அது முடியிறதுக்குள்ள நீங்க கட்டி முடிச்சிட்டா ரெண்டையும் வச்சுக்கிடலாம்."

கண்ணாடிக்கு அப்பால் நெல்லையப்பன் நின்றான். கையில் டிபன் கேரியர் இருந்தது. அவள் மத்தியானம் வீட்டுக்கு வராததால் சாப்பாடு கொண்டுவந்திருந்தான். அவனுக்கு நிழல் இல்லை. கேரியருக்கு இருந்தது.

கேபிள் போவதற்காகக் கண்ணாடியில் வழி நெடுகத் துளை போட்டிருந்தார்கள். ஒரு துளையில் அவன் வாயை வைத்தான்.

"வடிவு, எனக்கு வெயிட் கொறஞ்ச மாதிரி இருக்கு."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல. ஒனக்குத்தான் கொண்டாந்தேன். முருங்கைக்காய் சாம்பார். கேரியரைத் தூக்கத்தான் முடியல. அது என்னைத் தூக்கிக்கிட்டு நிக்கி."

"அங்கேயே இருங்க. நான் கட்டிட்டு வந்துருதேன்."

"சரி," என்றான். அந்தச் சொல் தனக்கு உரியது என்று வடிவு நினைத்தாள். அவன் வாயில் அதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் ஓடினாள். அவனும் கண்ணாடிக்கு அப்பால் கூடவே வந்தான். நடக்கவில்லை. கேரியர் அவனை இழுத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தபோது அறைகளிலிருந்து இன்னும் பல பேர் வெளியே வந்து நடைக்கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். திரும்பிப் போக வழி இல்லை.

நடைக்கூடத்தின் முடிவில் சோர்ஸ் பிரிவு இருந்தது. அங்கே பஞ்சு மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. பஞ்சு முழுவதும் எழுத்துகள். அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கிரேசி மேடம் முறத்தில் அதைப் பரப்பி, அரைப்புள்ளிகளைப் பொறுக்கித் தனியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், அவசரம். டேட்டாபேஸ் கட்டணும்."

"கட்டலாம். இந்த எழுத்தை ஓடுற புரோகிராமா மாத்துற கம்பைலர் கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்ல."

"அதையும் கட்டிருவோம்."

"எதை வச்சு?"

"கம்பைலரை வச்சு."

"அப்ப மொதக் கம்பைலர்?"

"அவுங்க ரிட்டயர் ஆயிட்டாங்க. தூத்துக்குடியில மகன் வீட்டில இருக்காங்க." கிரேசி மேடம் முறத்தைக் கீழே வைத்தாள். "பரவாயில்ல, எங்கிட்ட அவுங்க விட்டுட்டுப் போன ஒண்ணு இருக்கு. ஆனா ஒரு விஷயம். களஞ்சியத்தில ஆம், இல்லன்னு சொன்னாப் போதும். இங்க ஒங்களுக்கு என்ன வேணும்னு வாயால சொல்லணும். கேக்காதது எதுவும் வராது. பின்னாடி ஓட்டை விழுந்தாலும் நாங்க வந்து அடைக்க மாட்டோம். காலம் பூரா நீங்கதான் பாத்துக்கிடணும்."

"பாத்துக்கிடுதேன்."

"எங்க வைக்கணும்?"

"தனி இடத்தில. பழசைத் தொடக் கூடாது. பழசை நம்பி ஒருத்தர் இருக்காரு."

"தமிழ் எழுத்தை வரிசைப்படுத்தத் தெரியணுமா?"

"தெரியணும்."

"பாதியில கரண்ட் போனா ஞாபகம் வச்சிருக்கணுமா?"

"கண்டிப்பா."

கேட்கக் கேட்க வடிவு சொன்னாள். சொன்னதெல்லாம் மூட்டைகளுக்குள் ஏதோ ஒன்றை அசைத்தது. எங்கோ ஒரு தறி ஓட ஆயத்தமாகி நின்றது. ஆனால் ஓடவில்லை.

"வேற?" என்றாள் கிரேசி மேடம்.

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா தறி ஓடியிருக்கணுமே. ஒண்ணு பாக்கி இருக்கு."

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் மேடம்."

"எத்தனை வருஷமா வேண்டாம்?"

அறைக்கு வெளியே வேலை இருமியது. முடியப்போகிற வேலையின் இருமல் அது.

கண்ணாடிக்கு அப்பால் நெல்லையப்பன் பெரும்பாலும் நீக்கப்பட்டிருந்தான். சட்டை இருந்தது. சட்டைக்கு மேலே முகம் இருந்தது. முகத்தில் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு சிரிப்பு இருந்தது. கைகள் இல்லாததால் கேரியர் தரையில் உட்கார்ந்திருந்தது. அவன் துளைக்குப் பக்கத்தில் வந்தான்.

"வடிவு, எனக்காகச் சிரமப்படாத. நீ பேக்கேஜையே போட்டுக்க. நான் எப்படியும் கெளம்புறவன்தான்."

அவள் வாயில் 'சரி' வந்து நின்றது. அது எப்போதும் தயாராக இருக்கும். நாக்கு நுனியில் அது பல்லைத் தட்டிக் கதவு திறக்கச் சொன்னது. அதற்குப் பின்னால், தொண்டையில், இன்னொன்று நின்றது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"காப்பி கெடைக்குமா?" என்று கிரேசி மேடத்திடம் கேட்டாள்.

"இந்தப் பிரிவில காப்பி கெடையாது."

நெல்லையப்பனின் சட்டைக் காலர் போனது. வடிவு வாய்க்குள் இருந்த 'சரி'யைத் துப்பினாள். அது தரையில் உருண்டு பஞ்சு மூட்டைக்கு அடியில் போனது. அவள் கண்ணாடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, துளைக்கு நேராகக் குனிந்தாள்.

"போகாதீங்க அத்தான்," என்றாள். "ஓசூருக்கே போயிருக்கக் கூடாது. எங்கூட இருங்க."