பானெட்டுக்குப் போர்த்திய பட்டுச்சேலை

பச்சைமுத்து புது கார் வாங்கிய செய்தியைவிட, அதன் பக்கத்தில் யாரும் போகக் கூடாது என்ற செய்திதான் மர்பி டவுனில் அந்தச் சந்து முழுக்க வேகமாகப் பரவியது. கீரைக்காரர் அந்த இடம் வந்ததும் தள்ளுவண்டியை எதிர்ச்சுவரோடு ஒட்டினாற்போல் தள்ளிக்கொண்டு போகப் பழகிவிட்டார்.

கார் நல்ல கறுப்பு. கறுப்பில் தலைமுடி அளவு கீறல் விழுந்தாலும் ஊருக்கே தெரியும், வெள்ளை எடு என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. பெயின்ட்டின் மேல் ஒட்டுகிற ஃபிலிம் ஒன்று இருக்கிறது, கல் தெறித்தாலும் தாங்கும் என்று ஷோரூமில் சொன்னதையும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக ஒரு மருந்துக் கம்பெனியின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். ஆயிரக்கணக்கான கண்ணாடி பாட்டில்களை உடையாமல் அடுக்கத் தெரிந்த ஆளுக்கு ஒரு காரைக் காப்பாற்றத் தெரியாதா என்பது அவருடைய எண்ணம்.

ஆகவே சட்டங்கள் போட்டார். வளையல் போட்ட கையால் கதவைத் திறக்கக் கூடாது. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஜல்லி லாரி முன்னால் போனால், நடுவில் இரண்டு பஸ் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் போவார். பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் காதில் விழாது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து இறங்கியதும் காரை மூடிவிடுவார். அதிலும் ஒரு யோசனை. கடையில் வாங்கிய கார் கவரின் உட்புறம் கைக்குச் சொரசொரவென்று பட்டது. பானெட்டின் மேல் முதலில் மெத்தென்று எதையாவது விரித்து, அதன் மேல் கவர் போடலாமே என்று தோன்றியது. வீட்டிலேயே மெத்தென்ற துணி எது? மனைவி காந்தாவின் கல்யாணச் சேலை.

"மடிப்பு போயிடும்னு நானே வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் கட்டறேன். உங்க வண்டி தினம் கட்டிக்குமா?" என்று கேட்டாள் காந்தா. கேட்டுவிட்டு, இவரோடு மல்லுக்கு நிற்க முடியாது என்று எடுத்தும் கொடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், அரக்குக் கலர் பட்டை நாலாக மடித்து, அகலமான ஜரிகைக் கரை முன்பக்கம் வரும்படி, நேற்று விரித்த அதே இடத்தில் இம்மி பிசகாமல் விரிப்பார். மேலே கவர். அதற்கும் மேலே இறுக்கி ஒரு கயிறு.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் ஒரே ஒரு விலக்கு இருந்தது. அடுத்த வீட்டு டோரீனக்காவின் மகள் நோராவுக்குக் கல்யாணம். கே.ஆர்.புரத்துக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை ஊர் சர்ச்சில் நடக்கிறது. கார் புக் பண்ணிய அன்றே, பெண் இந்த வண்டியில்தான் போகும் என்று பச்சைமுத்து வாக்குக் கொடுத்திருந்தார். நோரா கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து பார்க்கிறவர். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அது நடந்தது. காலை வெயிலில் கவரை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பானெட்டின் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மெல்லிய கீறல்கள். ஒன்றா இரண்டா, நூறு இருக்கும்.

கீறியது யார் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. டோரீனக்கா வளர்க்கிற மஞ்சள் பூனை பிஸ்கெட், எஞ்சின் சூட்டுக்காகக் கவர் போட்ட அந்த பானெட்டின் மேல்தான் சுருண்டு படுக்கும்; நகம் துணியையும் தாண்டி இறங்கியிருக்கும் என்று முடிவு கட்டினார். நேராக அங்கே போனார். பூனையைக் கொஞ்சம் கட்டிப்போடக் கூடாதா என்று ஆரம்பித்தார். பூனையை யார் கட்டிப்போடுவார்கள் என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவருக்குச் சுருக்கென்றது. வாயில் வரக்கூடாதது வந்துவிட்டது.

"ஒரு பூனையே இந்த வேலை பண்ணுச்சுன்னா, கல்யாணத்தன்னிக்கு பூவு, டேப்புன்னு இருபது பேர் கை வெச்சா வண்டி இன்னாத்துக்கு ஆகும்க்கா?"

டோரீனக்கா சிரிப்பை நிறுத்தினாள். கையிலிருந்த அழைப்பிதழ்க் கட்டை மேஜைமேல் வைத்தாள்.

"வேணாம் பச்சை. உன் வண்டி உங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும். நாங்க வாடகைக்குப் பாத்துக்கறோம்."

அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணங்கள் கைமாறுவது நின்றது. பிஸ்கெட்டை வீட்டுக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள் போல. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து பச்சைமுத்துவைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. நோரா எதிரில் வந்தபோது எப்போதும்போல் "அங்கிள்" என்று கூப்பிடாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கீறலுக்காக என்று காந்தாவிடம் சொன்னார். காந்தா அதை நம்பவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், தொம்மலூரில் காருக்கு பாலிஷ் போடுகிற மஞ்சுநாத்தின் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனார். மஞ்சுநாத் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு விளக்கை பானெட்டின் மேல் சாய்த்துப் பிடித்து இப்படியும் அப்படியும் பார்த்தார். பூனை வேலை என்று பச்சைமுத்து சொன்னதும் விளக்கை இறக்கினார்.

"பூனெ பிறாண்டுனா நாலு கோடு, அதுவும் கோணல்மாணலா வரும் ஸார். இது பாருங்க, பட்டை போட்ட மாதிரி நேரா இருக்கு. உங்க பூனெ ஸ்கேல் வெச்சுக்கினு நடக்குமா?"

அளக்கிற டேப்பை எடுத்து அளந்தார்கள். கீறல் பட்டையின் அகலம் ஒன்பது அங்குலம். டிக்கியைத் திறந்த மஞ்சுநாத்தின் கண்ணில் மடித்துவைத்த சேலை பட்டது. இது எதற்கு என்று கேட்டார். பச்சைமுத்து பெருமையோடுதான் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. சேலையின் கரையை அவரே அளந்தார். ஒன்பது அங்குலம்.

மஞ்சுநாத் ஜரிகையைப் பச்சைமுத்துவின் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். அத்தனையும் உலோக இழை. இழைக்கு இழை மாவு போல ரோட்டு மண். துடைக்காத பானெட்டின் மேல் அதை விரித்து, மேலே கவரும் கயிறும் போட்டு இறுக்கினால், காற்று அடிக்கிற ஒவ்வொரு முறையும் அது அரம்போல உரசும். அதுவும் இம்மி பிசகாமல் அதே இடத்தில்.

பச்சைமுத்து அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் டோரீனக்காவின் முகம் ஞாபகம் வந்தது.

கீறல் ஆழமில்லை, பாலிஷில் போய்விடும் என்றார் மஞ்சுநாத். கையோடு ஃபிலிமும் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ஆனால் ஒட்டினால் வண்டி மூன்று நாள் கடையில் நிற்க வேண்டும். இன்றைக்குத் தவறவிட்டால் அடுத்த மாதம்தான் இடம் கிடைக்கும். கல் தெறித்தால் தாங்க எந்தக் காப்பும் இல்லாத அந்த வெற்று பானெட்டைப் பச்சைமுத்து ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"இன்னிக்கு பாலிஷ் மட்டும் போடுங்க, ஃபிலிம் அடுத்த மாசமே ஒட்டுங்க. நாளன்னிக்கு வண்டிக்கு வேலை இருக்கு."

சாயங்காலம் டோரீனக்கா வீட்டில் உறவுக்காரர்கள் கூட்டம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் பச்சைமுத்து கூடத்தின் நடுவில் நின்று, சேலையில் ஆரம்பித்து ஒன்பது அங்குலம்வரை ஒன்று விடாமல் சொன்னார். பூனை மேல் பழி போட்டது தப்பு, அதைவிட அன்றைக்குப் பேசிய பேச்சு பெரிய தப்பு என்றும் சொன்னார். முதலில் சிரித்தது நோராதான். டோரீனக்கா மட்டும் முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டு பூனையைத் தூக்கி வந்தாள்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? இதுகிட்ட சொல்லு."

அவர் பூனையிடமும் சொன்னார். அப்புறம்தான் அக்கா சிரித்தாள். வாடகைக் காரை அத்தைமார்களுக்கு விட்டுவிட்டு, நோரா அங்கிள் வண்டியில் வரட்டும் என்றாள். ஒரே நிபந்தனை, கல்யாணத்தன்றைக்கு அவர் பூ, டேப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

அவர் திறக்கவில்லை. பையன்கள் பானெட்டில் ரோஜா மாலையை டேப் போட்டு ஒட்டியபோது எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணிகளைக் கவனமாகப் பார்த்தார். போட்டோகிராபர் பெல்ட் பக்கிள் உரச பானெட்டில் சாய்ந்து நின்றபோது வானத்தைப் பார்த்தார். காந்தா அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். மண்ணைத் தட்டி நிழலில் காற்றாட விட்டதில் கரை முன்னைவிட மின்னியது. காரை நெருங்கியவள் நின்று, நான் ஏறலாமா, இல்லை கரை வண்டியைக் கீறிவிடுமா என்று கேட்டாள். நோரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

புறப்படவே நேரமாகிவிட்டது. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் முன்னால் ஒரு ஜல்லி லாரி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. வழக்கம்போல் பின்தங்கினால் மணி அடித்து முடிந்த பிறகுதான் சர்ச்சுக்குப் போய்ச் சேர முடியும். பச்சைமுத்து கியரை மாற்றினார். இரண்டு பஸ் இடம் ஒரு பஸ் ஆனது, அதுவும் இல்லாமல் போனது. லாரியை ஒட்டி அவர் முந்திய அந்த நொடியில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பானெட்டின் நடுவில், மாலைக்குப் பக்கத்தில், கடுகளவு வெள்ளைப் புள்ளி.

"இன்னா சத்தம் அங்கிள்?" என்றாள் நோரா, தலைமேலிருந்த வலையைச் சரிசெய்துகொண்டே.

காந்தா பக்கத்து சீட்டிலிருந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. மாலையிலருந்து பூ விழுந்துருக்கும்," என்றார் பச்சைமுத்து. பாதை திறந்து கிடந்தது. வண்டியை இன்னும் கொஞ்சம் வேகமாக விட்டார்.