செம்புக் குதிரையின் கடைசிப் பக்கம்

எனக்குத் தொழிலே நகல் எடுப்பதுதான். சிதம்பரம் முன்சீப் கோர்ட்டில் ஊரார் வழக்குகளையெல்லாம் ஒரு புள்ளி பிசகாமல் எழுதி, அடியில் 'உண்மை நகல்' என்று போட்டுக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்ட நான், சிநேகிதனுக்காக ஒரே ஒரு பக்கத்தை எழுதித் தரமாட்டேன் என்று வீம்பு பிடித்தேன். அறுபத்தாறாம் வருஷத்துச் சங்கதி இது. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாங்கள் மூன்று பேர். நான் தேவநாதன். கடலூர் முதுநகரில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை வைத்திருந்தவன் அபுல் ஹசன். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவன் ஞானசேகரன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அதற்குப் பிறகும் எங்களைப் பிரியவிடாமல் வைத்திருந்தது ஒரு வாரப் பத்திரிகை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பிரதிதான் வாங்குவோம். ஞானசேகரன் படித்துவிட்டு எனக்கு அனுப்புவான். நான் படித்துவிட்டு, அவரவர் தொடர்கதையைத் தனித்தனியாகக் கத்தரித்து வைப்பேன். கதை முடிந்ததும் பைண்டு செய்து கொடுப்பது என் பொறுப்பு.

ஞானசேகரனுக்குத் துப்பறியும் கதை. அதிலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்து, கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டு, அப்புறம் நிதானமாக முதலிலிருந்து வருவான். எனக்குக் குடும்பக் கதை. அபுலுக்கு மந்திரவாதி, பேசும் கிளி, ஏழு கடல் தாண்டிய தீவு. ஆனால் அவன் வாராவாரம் படிக்க மாட்டான். 'தொடரும்' என்ற வார்த்தையைக் கண்டாலே அவனுக்கு மூச்சு முட்டும். ஒரு வருஷமானாலும் காத்திருந்து, முழுக் கதையும் பைண்டாகிக் கைக்கு வந்த பிறகுதான் தொடுவான்.

சில வாரம் இரண்டு கதைகள் ஒரே தாளில் முதுகோடு முதுகாக அச்சாகிவிடும். முன்பக்கம் என் கதாநாயகி சாரதா புகுந்த வீட்டில் அழுதுகொண்டிருப்பாள். பின்பக்கம் அபுலின் இளவரசன் செம்புக் குதிரையில் போய்க்கொண்டிருப்பான். அப்போது தாளை நான் வைத்துக்கொண்டு, அவன் பக்கத்தைக் கையால் எழுதி அவன் கதைத் தாள்களோடு சேர்த்துவிடுவேன். நாங்களே வகுத்துக்கொண்ட சட்டம் அது.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவனாம்பட்டினம் கடற்கரையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு கதைகளும் அந்த வாரத்தோடு முடிகின்றன என்று அறிவிப்பு வந்திருந்தது.

"உன் கதையில ஆட்டுக்கல்லு கூட அழுவுது மச்சான்," என்றான் அபுல். "ஆத்தா வந்து கதவத் தொறந்தா அழுகாச்சி, தொறக்கலன்னாலும் அழுகாச்சி. இத எதுக்குக் காசு குடுத்துப் படிக்கணும்? எங்க தெருவுல சும்மாவே கேக்கலாம்."

"நீ மட்டும் என்னத்தப் படிக்கிற? முப்பது வயசுல குதிர பேசுமான்னு காத்துக்கிட்டு."

"பேசும்டா. ஒரே ஒரு தடவதான் பேசும். அதுக்குத்தான் ஒரு வருஷமா காத்திருக்கேன்."

ஞானசேகரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் தாயார் போய் அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அது அபுலுக்கும் தெரியும். பேச்சு வேகத்தில் மறந்துவிட்டான். நான் சொல்லிக் காட்டவில்லை. உள்ளே வைத்துக்கொண்டேன்.

கடைசி இதழ் வந்தது. பார்த்தால், இரண்டு கதைகளின் முடிவும் ஒரே தாளில் முதுகோடு முதுகு. சாரதா மேலே தெரியும்படி வைத்து, குதிரையைக் கீழே கவிழ்த்து, பழுப்புத் தாளில் பசை தடவி ஒட்டினேன். பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசை, ஒட்டினால் ஒட்டினதுதான். நகல் எடுக்கவில்லை. அந்த ஒரு பக்கம் இல்லாமலே செம்புக் குதிரையைப் பைண்டு செய்து அபுலிடம் கொடுத்தேன். கேட்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவனோ, கடை வேலை ஜாஸ்தி என்று புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டான். எனக்குக் கோபம் ஆறியது, பிறகு விஷயமே மறந்துபோனது.

ஐப்பசி மழையில் ஒரு கார்டு வந்தது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அபுலின் இருதய வால்வைக் கெடுத்து வைத்திருந்தது எங்களுக்குத் தெரியும். இப்போது மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். 'மச்சான், குதிரையைப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கம் இல்லை. குதிரை இன்னும் பேசவேயில்லை, அதற்குள் நின்றுவிடுகிறது. எங்காவது விட்டிருப்பாய், தேடி எடுத்து வா. டாக்டர் முகத்தைப் பார்த்தால் ரொம்ப நாள் தரமாட்டார் போலிருக்கிறது.' எழுத்து கோணிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது.

ஞானசேகரனுக்குத் தந்தி அடித்தேன். பத்திரிகை ஆபீசிலேயே கேட்டு வாங்கி வருகிறேன் என்று அவன் மெட்ராஸுக்கு ரயிலேறினான். நான் கோர்ட்டுக்கு லீவு போட்டுவிட்டுச் சிதம்பரத்தைச் சல்லடை போட்டுச் சலித்தேன். சலூன் சலூனாக ஏறி இறங்கினேன். பழைய பேப்பர் கடையில் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டி, கடைக்காரனிடம் வசவு வாங்கினேன். முந்தின இதழ் கிடைத்தது, பிந்தின இதழ் கிடைத்தது. அந்த ஒரு இதழ் மட்டும் இல்லை. மளிகைக் கடையில் பருப்பு மடித்த தாள்களைக்கூடப் பிரித்துப் பார்த்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று என் வீட்டுக்காரி பயந்தாள்.

மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் சாரதாவைப் பிரித்து, அந்தத் தாளை வெந்நீரில் ஊறப் போட்டேன். என் சாரதா கரைந்து போனால் போகட்டும். நகக்கண்ணால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். இடது பாதி வந்தது. வலது பாதி பழுப்புத் தாளோடு கூழாகிவிட்டது. ஒவ்வொரு வரியிலும் பாதி எனக்கு, பாதி பசைக்கு. அந்தக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு, கொல்லையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் ஈரம் காய்ந்த தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வெள்ளாற்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டு ஓடியது. பாலத்தில் பஸ் ஊர்ந்த ஊரலில் டிரைவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு நானே ஓட்டலாமா என்றிருந்தது. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி ஐந்து. ஆறு மணிக்குப் பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அபுலுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. மூன்று தலையணை அடுக்கிச் சாய்த்திருந்தார்கள். அவனுடைய தாயார் ஆசியா உம்மாள் என்னைக் கண்டதும் எழுந்து, கஞ்சி வாங்கிவரப் போனார். நான் தாளை நீட்டி நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். "ஆட்டுக்கல்லுன்னு சொன்னதுக்கா?"

"ஆமா."

"அம்மா போயிருந்த நேரம்ல அது." மூச்சு வாங்கினான். "எம்மேலயும் தப்பு இருக்கு. சரி, படி."

"பாதிதான்டா இருக்கு."

"மீதிய நாம போட்டுக்கலாம். படி."

ஒரு வரியில் பாதியைப் படிப்பேன், அவன் மீதியைச் சொல்வான். சில இடத்தில் நான் சொல்வேன், அவன் அடித்துத் திருத்துவான். மழை நிற்கிறது, குதிரை மலையிலிருந்து இறங்குகிறது, இளவரசன் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறான். அவ்வளவும் ஒழுங்காக வந்தது. கடற்கரையில் பேசின மாதிரியே பேசிக்கொண்டிருந்தோம். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. 'கதவைத் திறந்தது' என்ற இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

"அவன் அம்மா," என்றேன்.

"ஆரம்பிச்சிட்டியா. மந்திரக்காரிதான் தொறப்பா. அவன் போன வழியெல்லாம் அவதான் முன்னாடியே வந்து நிக்கிறா. கத அப்படித்தான் போவும்."

"பன்னெண்டு வருஷம் கழிச்சி வர்றவனுக்கு மந்திரக்காரியா தொறக்கணும்?"

"இது உன் சாரதா இல்ல மச்சான்."

அவனுக்கு இருமல் வந்துவிட்டது. நர்ஸ் வந்து என்னை முறைத்தாள். மணி அடித்தார்கள். இன்னும் எட்டு வரி மிச்சம். குதிரை இன்னும் பேசவில்லை. தாளை அவன் தலைமாட்டில் வைத்தேன்.

"நாளைக்கி முடிச்சிடலாம், இன்ஷா அல்லா," என்றான்.

அன்றிரவு திருப்பாப்புலியூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். காலையில் போனபோது அந்தக் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாலைத் தொழுகைக்கு முன்பே அடக்கம் செய்துவிட்டார்கள். சந்தூக்குப் பெட்டியின் பின்னால் கபர்ஸ்தான் வரைக்கும் நடந்தேன். எட்டு வரி, எட்டு வரி என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

பத்து நாள் கழித்து ஞானசேகரன் இதழைக் கொண்டுவந்து கொடுத்தான். அதை எடுத்துக்கொண்டு ஆசியா உம்மாளைப் பார்க்கக் கிளம்பினேன். வழியில் ரயிலிலேயே கடைசிப் பக்கத்தைப் படித்தேன். கதவைத் திறந்தவள் மந்திரக்காரி. அபுல் சொன்னதுதான் சரி.

உம்மாள் என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பிறகு உள்ளே போய் நான் விட்டுவந்த கிழிந்த தாளையும், கூடவே ஒரு நோட்டுத் தாளையும் எடுத்து வந்தார்.

"நீங்க போனப்புறம், வாசல்ல வந்து நின்னதுலேருந்து கடைசி எட்டு வரியச் சொல்றேன், எழுதிக்கோங்கன்னான். நா எங்க எழுத்துலதான் எழுதுவேன். தேவநாதன்கிட்ட படிச்சிக் காட்டுங்க உம்மான்னான்."

தமிழ்தான், ஆனால் அரபி எழுத்தில் இருந்தது. கோர்ட்டில் எத்தனையோ கையெழுத்துகளைப் படித்தவன், ஒரு எழுத்தும் தெரியாமல் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"'குதிரை வாய் திறந்து, இறங்கு, வீடு வந்துவிட்டது என்றது. அதற்கப்புறம் அது பேசவேயில்லை. அவன் இறங்கிக் கதவைத் தட்டினான். கதவைத் திறந்தது...'"

அங்கே நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"'கதவைத் திறந்தது அவனைப் பெற்றவள். இத்தனை நாள் எங்கேயிருந்தாய் என்று அவள் கேட்கவில்லை. சாப்பிட வா என்றாள்.' அவ்வளவுதான் தம்பி." தாளை மடியில் வைத்துக்கொண்டார். "பொஸ்தகத்துலயும் இப்படித்தான் இருக்கா?"

இதழ் என் பையில் இருந்தது.

"இப்படியேதான் இருக்கு உம்மா," என்றேன். "இன்னொரு வாட்டி மெதுவாப் படிங்க, எழுதிக்கிறேன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்ததும் அடியில் 'உண்மை நகல்' என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.