மறுக்காமல் கொடுத்த காலிப்பர்

"எடுத்துக்கோ மச்சான். உனக்கு இல்லாததா?"

"அது சரிடா, வேலை செய்யுமான்னுதானே கேக்கறேன்."

"அதான் எடுத்துக்கோன்னு சொல்றேனே."

விதவிதமாகக் கேட்டுப் பார்த்தேன். வைசாகே வாயிலிருந்து வேறு பதில் வரவில்லை. அவன் என் தாய்மாமா எமோசியின் மகன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால், சீமைப்பலா மரத்தடியில், மாமாவின் பழைய ஜப்பான் வண்டி சக்கரமில்லாமல் கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. என்னுடையதும் அதே மாடல். உப்புக்காற்றில் என் வண்டியில், பிரேக் மிதித்தால் முன் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் அரித்துப்போய் பிரேக் ஆயில் ஒழுக ஆரம்பித்திருந்தது. புதுசு வேண்டுமென்றால் தலைநகர் சுவாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். அது வரும்போது வரும். சனிக்கிழமை அதுவரை காத்திருக்குமா? உனைசி அக்காவும் மற்றப் பெண்களும் சேப்பங்கிழங்கு மூட்டைகளோடு சவுசவு டவுன் சந்தைக்கு என் வண்டியில்தான் போவார்கள். ஒரு வாரம் விட்டால் லாரிக்காரனிடம் போய்விடுவார்கள், அப்புறம் திரும்பி வர மாட்டார்கள்.

மாமா வீடு இருப்பது என் அம்மா பிறந்த ஊரில். அங்கே என்னை 'வசு' என்பார்கள், அதாவது ஊர்ப் பெண்ணின் பிள்ளை. கோழியோ பன்றியோ படகோ, நான் கை வைத்தால் யாரும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அந்த உரிமையை நான் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்தவன். போன வருஷம் வைசாகேயின் புதுச் செருப்பைக்கூட விடவில்லை.

நானும் மெக்கானிக்தானே, காலிப்பரை நானே கழற்றினேன். அதில் பிரேக்கை அழுத்தும் பிஸ்டன் உள்ளே போக முரண்டு பிடித்தது. சும்மா கிடந்த சாமான்தானே, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். துருவைத் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து மாட்டினேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. பெடலும் கெட்டியாக நின்றது.

சனிக்கிழமை மலை இறக்கத்தில், பின் சீட்டிலிருந்து உனைசி அக்கா மூக்கைச் சுளித்தாள்.

"இசிகேலி, ஏதோ கருகற வாடை வருதே."

"யாரோ தோட்டத்துல குப்பை எரிக்கறாங்க அக்கா."

எரிந்தது என் சக்கரம். ஒரு தடவை பிடித்த பிரேக் அப்புறம் விடவே இல்லை. சூட்டில் ஆயில் கொதித்து, அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் பொத்தென்று தரை வரைக்கும் போய்விட்டது. கை பிரேக்கை இழுத்து, மலைப் பக்கமாகத் திருப்பி, யாருடைய மரவள்ளித் தோட்டத்திலோ வண்டியைச் சொருகினேன். யாருக்கும் அடியில்லை. கிழங்குகள் மட்டும் எங்களுக்குக் காத்திராமல் சந்தைப் பக்கம் உருண்டு போயின.

உனைசி அக்கா தலையிலிருந்த மரவள்ளி இலையை எடுத்துப் போட்டாள். "அடுத்த சனிக்கிழமை பிரேக் ஒழுங்கா இருந்தா வா. இல்லேன்னா என் கிழங்குகூட உன் வண்டில ஏறாது."

கருகின காலிப்பரைத் தூக்கிக்கொண்டு நேராக வைசாகேயிடம் போனேன்.

"மாமா வண்டி ஏண்டா கட்டை மேல நிக்குது?"

"பிரேக் பிடிச்சா விடல. அதான் நிறுத்திட்டாரு."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன கேடு?"

"எப்படிச் சொல்றது மச்சான்? கெட்டுப்போன சாமான்னு சொன்னா, கொடுக்க மனசில்லாம சாக்கு சொல்றான்னுவ. போன வருஷம் அந்தச் செருப்பு உனக்குச் சின்னதுன்னு சொன்னேனே, என்னை என்ன சொன்ன?"

கஞ்சன் என்று சொன்னேன். கல்யாண வீட்டில், எல்லோர் முன்னாலும். செருப்பு கடித்த தழும்பு இன்னும் குதிகாலில் இருக்கிறது.

"அது செருப்புடா. இது பிரேக்கு."

"சொல்லலாமான்னு அப்பாகிட்டயும் கேட்டேன். இசிகேலி மெக்கானிக்குதானே, பார்த்தா தெரிஞ்சுடும்னு சொல்லிட்டாரு."

பிஸ்டன் முரண்டு பிடித்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

நேற்று வைசாகே எங்கள் வீட்டுக்கே வந்து, சாக்கில் சுற்றிய இன்னொரு காலிப்பரை வாசற்படியில் வைத்தான். அதே மாடல்தான், அவன் சித்தப்பா வண்டியில் கழற்றினதாம்.

"இதாவது நல்லதா?"

"உனக்குன்னுதான் கொண்டாந்தேன் மச்சான்."

கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. பிரித்துப் பார்த்தேன். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது, ரப்பர் கிழியவில்லை. ஆனால் போன தடவை கண்ணை நம்பித்தானே தோட்டத்துக்குள் போனேன். திடீரென்று ஒரு யோசனை வந்தது.

"சரி, சனிக்கிழமை முன் சீட்டுல நீ உக்காந்து வரியா?"

"வரேன் மச்சான்" என்றான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அப்பாடா என்று இருந்தது; கெட்ட சாமான் என்றால் தானே வந்து உட்காருவானா? அவன் தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது: நான் கேட்டால் அதையும் அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியாதே. நாளை மறுநாள் சனிக்கிழமை, காலிப்பர் இன்னும் வாசற்படியில்தான் இருக்கிறது. என் இடத்தில் நீங்கள் இருந்தால் இதை மாட்டுவீர்களா?