இரண்டாவது சத்தம்

அன்று காலை முகாமில் பெட்டியைத் திறந்து நான் எடுத்த மூன்று தோட்டாக்களும் கெட்டிக்குண்டுத் தோட்டாக்கள். யோதாம் பார்த்துக்கொண்டிருந்தான். தடம் பார்ப்பதில் லுவாங்வா ஆற்றங்கரையில் அவனை அடிக்க ஆள் கிடையாது. பதினொரு வருடமாக வேட்டையில் எனக்கு முன்னால் நடப்பவன்.

"மந்தைக்கா கெட்டி போடுற, லாமெக்?"

"ஆமா."

"முதல்ல மென்முனை, அதுக்குக் கீழே கெட்டி. எனக்குக் காது புளிக்கிற அளவுக்குச் சொல்லிக் குடுத்தவனே நீதான்டா."

"உன் தொடையில கொம்பு ஏறியிருந்தா நீயும் இதைத்தான் போடுவ."

"உன் தொடையை ஊரே பார்த்தாச்சு. கால்சட்டையை இறக்கிக் காட்டாம இரு, விருந்தாளி வர்றார்."

மென்முனைக் குண்டின் மூக்கில் ஈயம் தெரியும். உடம்புக்குள் போனதும் காளான்போல விரிந்து பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கெட்டிக்குண்டுக்கு மழுங்கிய மூக்கு, மேலே முழுக்க உலோகப் போர்வை. அது விரியாது. எலும்பை உடைத்துக்கொண்டு நேராகப் போகும், மறுபக்கம் வெளியே வந்தும் போகும். என் துப்பாக்கிக்கு இரண்டுமே ஐநூறு கிரெயின் எடைதான். ஆனால் மந்தையில் ஒரு காட்டெருமைக்குப் பின்னால் இன்னொன்று நிற்கும். அதனால்தான் மந்தைக்கு முதலில் மென்முனை.

போன வருடம் நான் சுட்ட ஒரு மென்முனை, கிழட்டு எருமைக்கடா ஒன்றின் தோள் எலும்பில் பட்டுத் துண்டு துண்டாக உதிர்ந்துபோனது. கடா திரும்பி என்னைத் தேடி வந்தது. நாலு மாதம் படுக்கையில் கிடந்தேன். உள்ளே போகாத குண்டை இனிமேல் தொடுவதில்லை என்று அப்போது முடிவெடுத்தேன். அது பயம் எடுத்த முடிவு. பணம் கட்டி வேட்டைக்கு வந்த அன்றைய விருந்தாளி ஒரு பல் டாக்டர். அவர் கொண்டுவந்திருந்த கூர்மூக்கு வைத்த இலேசான குண்டுகளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கனமான மென்முனை கொடுத்தவன் நான்தான். அவருக்குச் சரியாகத் தேர்ந்தெடுத்தேன்.

மாலை நாலு மணிக்கு மொபானே மரங்களுக்கு நடுவில் மந்தையைப் பிடித்தோம். டாக்டர் ஒரு கடாவைச் சுட்டார். கடா முதுகை வளைத்தது, ஆனால் விழவில்லை. மந்தை மொத்தமும் கிளம்பியது. தூசிக்குள் கடாவின் தோள் ஒரு நொடி தெரிந்தபோது நான் சுட்டேன். ஈரமண்ணை வாரிச் சுவரில் அடித்தமாதிரி, குண்டு சதையில் பட்ட சத்தம். அதற்குப் பின்னாலேயே, கொஞ்சம் தள்ளி, அதே சத்தம் இன்னொரு தடவை.

கடா இருபது அடி ஓடி விழுந்தது. டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் கடாவின் மறுபக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். குண்டு வெளியேறிய ஓட்டை, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு. நிமிர்ந்து, ரத்தத் துளி தேடி, மந்தை போன திசையில் பத்தடி நடந்தேன். நூறு குளம்புகள் உழுதுபோட்ட தூசி. யோதாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் புகையிலையைச் சுருட்டிப் பற்ற வைத்தான். பிறகு கத்தியைத் தீட்டினான்.

இறைச்சிப் பங்கு வாங்க யோதாமின் மனைவி தீசாவுகே முகாமுக்கு வந்தாள். நாணல்தண்டு மாதிரி நிமிர்ந்து நடப்பாள். யாரையும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டாள்.

"என்ன லாமெக் அண்ணே, இன்னிக்குக் கடா உங்களைத் தேடி வரலையா?"

"வந்துச்சு. யோதாம் முகத்தைப் பார்த்துட்டு அதுவே விழுந்திருச்சு."

"அந்த முகத்தைத்தானே நான் தினமும் காலையில பார்க்கிறேன்!" என்று சிரித்துக்கொண்டே தொடைக்கறியைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஏழாம் நாள் காலை, கூரைக்குப் புல் அறுக்க ஆற்றோரம் போன தீசாவுகேயை ஒரு பெட்டைக் காட்டெருமை குத்திக் கொன்றது. கூடப் போன பெண்கள் மரத்தில் ஏறித் தப்பித்தார்கள். எருமை பின்காலை இழுத்துக்கொண்டு நாணலுக்குள் போனதென்று சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து வந்தவர்களுக்காக ஊரில் மக்காச்சோளம் இடித்தார்கள். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறிமாறி உலக்கை போட்டார்கள். ஒரு குத்து, அதன் பின்னாலேயே இன்னொன்று. காதைப் பொத்திக்கொண்டு முகாமுக்கு நடந்தேன். அங்கேயும் கேட்டது. கண்ணை மூடினால் போதும், கேட்டது.

எங்கள் ஊரில் மிருகம் சும்மா வந்து ஆளைக் கொல்லாது. யாரோ சூனியம் வைத்து அனுப்பியிருக்க வேண்டும். ஆற்று வளைவில் தனியாக இருந்து மீன்கூடு போட்டுப் பிழைத்த கம்வெந்தோவுக்கும் தீசாவுகேக்கும் ஏப்ரல் வாக்கில் ஒரு சண்டை. அவள் துணி துவைக்கிற துறையில் அவர் கூடு வைத்துவிட்டார். "நீ இந்தத் துறையில ரொம்ப நாள் துவைக்கமாட்டே" என்று அவர் சொன்னதாக ஒருத்திக்கு இப்போது ஞாபகம் வந்தது. சாயங்காலத்துக்குள் பத்துப் பேருக்கு ஞாபகம் வந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கம்வெந்தோ ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போனார். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். 'அந்த எருமையை அனுப்பியது நான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். புகைதான் உள்ளே போனது. இருமினேன்.

மறுநாள் யோதாம் என் வாசலில் வந்து நின்றான். அழுது வீங்கிய முகம்.

"வா. அதை முடிக்கணும்."

தோட்டாப் பெட்டியை அவனே திறந்தான். "இன்னிக்கு என்ன போடுற?"

"மேலே மென்முனை. கீழே ரெண்டு கெட்டி."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

இழுத்த காலின் தடம் குழந்தைக்குக்கூடத் தெரியும். நாணலைத் தாண்டி முட்புதரில் அது எங்களுக்காகக் காத்திருந்தது. முதலில் எங்களை எட்டியது நாற்றம். பிறகு தலையைத் தூக்கிக்கொண்டு வந்தது, மூன்று காலில், நம்பமுடியாத வேகத்தில். யோதாம் பக்கவாட்டில் விழுந்து எனக்கு வழிவிட்டான். மென்முனை நெஞ்சில் பட்டு அதை மண்டியிட வைத்தது. எழும்போது கெட்டிக்குண்டு கழுத்தெலும்பை உடைத்தது. ஆறடி தூரத்தில் விழுந்தது.

யோதாம் அதன் இடுப்பைக் கீறினான். சீழ் கொட்டியது. கையை முழங்கைவரை விட்டுத் துழாவி ஒரு குண்டை எடுத்து, புல்லில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினான். மழுங்கிய மூக்கு, நசுங்காத உடம்பு, துப்பாக்கிக் குழல் பதித்த கோடுகள். இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தமாதிரி இருந்தது. அந்த வட்டாரத்தில் இந்தக் குண்டு போடுகிறவன் நான் ஒருவன்தான்.

"கேட்டுச்சா, லாமெக்? அன்னிக்கு?"

"கேட்டுச்சு."

கத்தி அவன் கையில்தான் இருந்தது. குத்தினால் தடுப்பதில்லை என்று நின்றேன்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றான். "உன் மூஞ்சியைப் பார்த்தேன். நீ வாயைத் திறக்கலை. சரி, இவனுக்குக் கேட்கலைன்னா எனக்கும் கேட்கலைன்னு விட்டுட்டேன். கறி அறுக்கணும், பொழுது சாயுது, வீட்டுக்குப் போகணும்... அவ்வளவுதாண்டா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே தடம் பிடிச்சிருப்போம்."

அவன் அந்த எருமைமேலேயே சாய்ந்து அழுதான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குண்டை ஊர்த்தலைவரிடம் கொண்டுபோனோம். ஊரைக் கூட்டி, மாமரத்தடியில் நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டிக்குண்டு என்றால் என்ன, ஏன் போட்டேன், என்ன கேட்டது, ஏன் சொல்லவில்லை. யோதாம் தன் பங்கைச் சொன்னான். தலைவர் குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ சுட்டது சரி. ஆனா குண்டை அந்தப் பெட்டைமேல திருப்பிவிட்டது யாரு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் கேட்டார். நிறையப் பேர் தலையாட்டினார்கள்.

அன்றைக்கே படகு பிடித்து அக்கரைக்குப் போனோம். கம்வெந்தோ மகள் வீட்டு நிழலில் வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"என் வீடு எரியும்போது நீ நின்னே" என்றார்.

"நின்னேன் ஐயா."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் என்னை விட்டுவிட்டு யோதாம் பக்கம் திரும்பினார். "உன் பொண்டாட்டி என்னை ரொம்பத் திட்டியிருக்கா, தம்பி. அதுக்கு மறுநாளே துவைக்க வந்தப்போ அவிச்ச கிழங்கும் குடுத்தா. அதை அங்கே யாரும் சொல்லலையா?"

யோதாம் இல்லை என்று தலையசைத்தான்.

"களி இருக்கு, மீன் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க. என்னை ஊருக்குக் கூப்பிட மட்டும் மறுபடி வராதீங்க. ஒரே நாள்ல நம்புனவங்க நடுவுல நான் எப்படித் தூங்குறது?"

சாப்பிட்டோம். வேறு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மழை பிடிப்பதற்கு முன்னால் நானும் யோதாமும் எரிந்த இடத்தில் அவருக்கு வீடு கட்டினோம். மொபானே கம்பு, களிமண் சுவர், புதுப்புல் கூரை. தீசாவுகே அறுத்துக் கட்டிவைத்திருந்த கட்டுகளையும் யோதாம் கொண்டுவந்து போட்டான். வேலை முடிந்ததும் மலைப்பக்கம் பருத்தி பயிரிடப் போய்விட்டான். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கம்வெந்தோ அக்கரையிலேயே காய்ச்சலில் செத்துப்போனார்.

வீடு இன்றைக்கும் நிற்கிறது. கூரையில் வௌவால் அடைகிறது. அந்தத் துறையில் இப்போது யாரும் துவைப்பதில்லை. புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் கேட்டால், சூனியக்காரன் வீடு அது, தன் கையாலேயே அவன் கட்டியது, எரித்தும் மறுபடி எழுந்துவிட்டது என்கிறார்கள். நான் குறுக்கிட்டு, இல்லை, நாங்கள் கட்டினோம் என்று சொல்கிறேன். மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.