துர்சுன்பெக் கடைக் கார்டு

ஆய்பெரிக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அவளுடைய கம்ப்யூட்டரோ பொறுமையின் அவதாரம். வெளியே பிஷ்கெக் நகரம் முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே திரையில் வீடியோ நகர்ந்தது, நின்றது, யோசித்தது, மறுபடி கொஞ்சம் நகர்ந்தது.

சுரங்கம் இடிந்து ஆட்கள் செத்த வழக்கில் வாய் திறந்தவள் சைகல் எஜே, அதாவது சைகல் அக்கா, ஒருத்திதான். ஆய்பெரி எடுத்த வீடியோவில் தன் முகம் தெரியக்கூடாது என்பதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்கவில்லை. தெரிந்தால் சுரங்க முதலாளியின் ஆட்கள் சும்மா விடுவார்களா? சாயங்காலம் வக்கீல் வந்து படத்தை வாங்கிப்போவார். அதற்குள் முகத்தை மறைத்து முடிக்க வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தினுசு. கடிதத்துக்கு ஓர் அறை, இணையத்துக்கு ஓர் அறை, வீடியோவுக்கு ஓர் அறை என்று உள்ளே எல்லாம் தனித்தனி. ஒன்றில் திருடன் புகுந்தாலும் அடுத்ததற்குப் போக வழியில்லை. திரைக்குப் படம் போடும் கிராபிக்ஸ் கார்டு எல்லா அறைகளையும் எட்டிப்பார்க்கக்கூடியது. அதனால் அதை எந்த அறைக்குள்ளும் விடுவதில்லை. பாவம், பிராசஸர்தான் ஒற்றை ஆளாக மூச்சுவாங்க வீடியோவைத் தள்ள வேண்டும்.

"இந்த வேகத்துல போனா வக்கீலுக்குப் பேரன் பொறந்துடுவான்டா!" என்று கத்தினாள் ஆய்பெரி.

"ரெண்டாவதா ஒரு கார்டு இருந்தா அத வீடியோ ரூமுக்கு மட்டும் குடுத்துடலாம். மத்த ரூம் எதையும் அதால பாக்க முடியாது" என்றான் எர்மெக். அந்த மிஷினை அவளுக்கு அமைத்துக் கொடுத்த நண்பன் அவன். "கார்டுக்கு எங்க போறது?"

ஆய்பெரி கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். அண்ணன் முறையில் எல்லோரும் பைகே என்று கூப்பிடும் துர்சுன்பெக்கின் கேம் கடையில் சனிக்கிழமைக் கூட்டம் நெரிந்தது.

"பைகே, உங்க கார்டு ஒண்ணு வேணும். எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

"நல்ல நாள் பாத்து வந்த, போ!" என்று முணுமுணுத்தார் அவர். ஆனால் கடையிலேயே நல்ல மிஷினில் ஆடிக்கொண்டிருந்தவனை எழுப்பிவிட்டு, கார்டைக் கழற்றி, தூசி ஊதிக் கையில் வைத்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

எர்மெக் கார்டை மாட்டினான். "புதுக் கார்டை நீ தொடாதே, வீடியோ அறைக்கு விட்டுவிடு" என்று கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்க வேண்டும். அவசரத்தில் பழைய கார்டின் எண்ணை எழுதிவிட்டான். கிளப்பியதும் திரை கன்னங்கரேல் என்றானது.

"என்னடா பண்ணித் தொலச்ச?"

"பழைய கார்டத் தொடாதன்னு எழுதிட்டேன். அதுவும் அப்படியே கேட்டுடுச்சு."

"அதாவது கேக்குதே, உன்ன மாதிரியா!"

எர்மெக் தலையில் அடித்துக்கொண்டான். திரையின் வயரைப் பழைய கார்டிலிருந்து பிடுங்கிப் புதியதில் செருகினான். வெளிச்சம் வந்தது. எண்ணைத் திருத்தி, வயரைப் பழைய இடத்துக்கே மாற்றி, மறுபடி கிளப்பினான்.

அடேயப்பா, என்ன ஓட்டம்! முகத்தை மறைக்கும் வேலை தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. ஆய்பெரி முதன்முறையாக வீடியோவைத் தடங்கலில்லாமல் பார்த்தாள். சைகல் எஜே பேசினாள், அழுதாள், தேநீர் ஊற்றத் திரும்பிக் குனிந்தாள்.

"ஐயோ, நிறுத்து!"

பின்னாலிருந்த அலமாரிக் கண்ணாடியில் சைகல் எஜேயின் முகம் முழுசாகத் தெரிந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். இத்தனை நாளும் திக்கித் திக்கி ஓடிய வீடியோ, சரியாக அந்த இடத்தைத் தாவிக் குதித்திருக்கிறது. வக்கீலின் மிஷினில் தாவாது. கோர்ட்டிலும் தாவாது. இருவரும் சேர்ந்து அந்த முகத்தையும் மறைத்தார்கள்.

வக்கீல் வாங்கிப்போன பிறகு, கார்டையும் ஒரு பொட்டலம் சுடச்சுடக் கறி பொதிந்த சம்சாவையும் எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனாள்.

"என்ன, ஜெயிச்சியா?" துர்சுன்பெக்குக்கு எல்லாமே ஆட்டம்தான்.

"ஜெயிச்சுட்டோம், பைகே" என்று கார்டை நீட்டினாள். "உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லப்போறேன்னே தெரியல. நடந்ததச் சொல்லவும் முடியாது."

"சொல்லாத. கேக்காதீங்கன்னு நீ சொன்னப்பவே, யாரோ பயந்துகிட்டு இருக்காங்கன்னு புரிஞ்சுது." அவர் சம்சாவை மேசையில் வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் பிரார்த்தனைக்கு ஏந்தினார். "யாரா இருந்தாலும் அவங்க வீட்டுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது. ஓமின்."

வழக்கப்படி கைகளால் முகத்தை மூடித் துடைத்தார். ஆய்பெரியும் தன் முகத்தை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.