மூக்கைச் சுளித்த பட்டுப்படம்

ஏகாம்பரநாதர் சாட்சியாக, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

வக்கீல் கிருஷ்ணம்மாள் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. தறியில் உட்காரும் பெண்களை அவர்கள் பெயரிலேயே நெசவாளர் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று வழக்காடி வென்றவர். நெய்வதெல்லாம் ஆண்கள்தான் என்று எதிர்த்தரப்பு சாதித்தபோது, நீதிமன்றத்துக்குள்ளேயே தறியைப் பூட்டி, "ஒரு ஜாண் நெய்யுங்க" என்று கணவன்மார்களைக் கூப்பிட்டார். முதல் ஆள் மிதியில் கால் வைத்ததும் எழுநூறு இழை அறுந்தது. இரண்டாவது ஆள் பாவு நூலுக்குள் சிக்கிக்கொண்டான். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் அவனை வெளியே எடுக்க முடிந்தது.

அவர் முகத்தைப் பட்டில் நெய்தவள் கலைவாணி. ஐந்து மாத வேலை. நினைவு விழா மேடையில் தன் பெயரைச் சொல்வார்கள் என்று நம்பி வந்தாள். சங்கத் தலைவர் கைலாசம் அவள் கையில் சந்தனத் தட்டைத் திணித்தார்.

"வாசல்ல நின்னுக்கினு வர்றவங்களுக்குக் குடும்மா. பொம்பள நின்னாதான் லட்சணமா இருக்குது."

படத்தின் கீழே ஒட்டியிருந்த சீட்டில் 'நெசவு: தினகரன்' என்றிருந்தது. தினகரன் அவள் புருஷன். அந்த ஐந்து மாதமும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவன்.

"ஏம்பா, உம்பேரு எப்படி வந்துச்சு?"

"நீ வேற நான் வேறயா?" என்றான், வாய் நிறைய பஜ்ஜியோடு. மீசையில் எண்ணெய் வழிந்தது. புறங்கையால் துடைத்து, அதை அவள் முந்தானையில் தேய்த்தான்.

கலைவாணி முந்தானையை உதறிவிட்டு மேடையைப் பார்த்தாள். மேடையில் ஏழு நாற்காலி, ஏழிலும் மீசை. ஒருவர் ஏப்பம் விட்டுவிட்டு, "பெண்தான் வீட்டுக்கு விளக்கு" என்றார்.

பட்டுப்படம் மூக்கைச் சுளித்தது.

அடுத்தவர் பல் குத்திக்கொண்டே, "தாய்க்குலத்துக்கு நாமதான் உரிமை குடுத்தோம்" என்றார். படம் உதட்டைக் கோணியது. பிறகு தினகரன் பொன்னாடைக்குத் தலை குனிந்தான். படம் துப்பியது. அரக்குப் பட்டு நூல், உருண்டையாக, சரியாக அவன் உச்சந்தலையில்.

கைலாசம் மைக்கைப் பிடித்தார்.

"நெய்தது கலைவாணிதான்பா. மேல வாம்மா."

கலைவாணி மேடையேறி, சந்தனத் தட்டைப் புருஷன் கையில் வைத்தாள்.

"வாசல்ல போய் நில்லுப்பா. லட்சணமா இருக்கும்."

தினகரன் போய் நின்றான். கைலாசம் தன் நகத்தாலேயே சீட்டைக் கிழித்து, கலைவாணி பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார். படத்தின் மூக்கு நேரானது.

அந்தப் படம் சங்க அலுவலகச் சுவரில்தான் இன்றும் தொங்குகிறது. கீழே, விழா முடிந்த மறுநாளே மாற்றி ஒட்டிய சீட்டு: 'நெசவு: தினகரன்.'